வான் தூனன் வளையங்களும் இலங்கைத் தேயிலை மலையும்

குடிமைப் பணித் தேர்வுக்குப் புவியியலை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வான் தூனன், ரோஸ்டோ, வாலர்ஸ்டைன் எல்லாரையும் தனித்தனியாகக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்துவிட்டேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன உறவு என்றுதான் பிடிபடவில்லை. உண்மையான ஓர் இடத்தை வைத்து இவற்றை விளக்க முடியுமா?"

முடியும். இலங்கை மலையகத்தை எடுத்துக்கொள்கிறேன். காடாகவும் சேனையாகவும் (சில ஆண்டு பயிரிட்டுப் பல ஆண்டு ஆறப்போடும் நிலமாகவும்) கிடந்த மலைச்சரிவுகள் ஐம்பது அறுபது ஆண்டுகளில் முதலில் காப்பியாகவும் பிறகு தேயிலையாகவும் மாறிய இடம் அது. அங்கே வேலை செய்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள். நீங்கள் சொன்ன மாதிரிகள் (வான் தூனனுடையது நிலப் பயன்பாடு பற்றியது, ரோஸ்டோவுடையது வளர்ச்சிக் கட்டங்கள் பற்றியது, வாலர்ஸ்டைனுடையது உலக அமைப்பு பற்றியது) ஒவ்வொன்றும் அந்த மலையில் ஏதோ ஒன்றை விளக்கும், ஏதோ ஓர் இடத்தில் கைவிடும்.

முதலில் வான் தூனன். பாடநூல்கள் சந்தை நகரத்தைச் சுற்றி எந்தப் பயிர் எவ்வளவு தூரத்தில் என்று காட்டும் ஆறு வளையங்கள் கொண்ட ஒரு படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதால் இவரை யாரோ அறைக்குள் உட்கார்ந்து வட்டம் வரைந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். யோகான் ஹைன்ரிக் வான் தூனன் (1783–1850) பண்ணை நடத்தியவர். வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் பகுதியில் டெல்லோ என்ற பண்ணையை 1810இல் வாங்கி, சாகும்வரை அங்கேயே இருந்தார். எந்த வயலுக்கு எத்தனை ஆள், எத்தனை குதிரை, எவ்வளவு விதை, ரோஸ்டாக் நகரச் சந்தைக்குத் தானியம் கொண்டுபோக என்ன செலவு என்று வரிவரியாகக் கணக்கு எழுதினார். 1826இல் வெளிவந்த 'தனித்த நாடு' என்ற அவருடைய நூல் அந்தக் கணக்கேடுகளிலிருந்து பிறந்ததுதான்.

அவர் கவனித்த ஒரு விஷயத்தைச் சொன்னால் மாதிரி முழுதும் விளங்கும். தானிய வண்டியை இழுக்கும் குதிரைகளும் வழியில் தானியம் தின்கின்றன. போகும்போது தின்கின்றன, வெறும் வண்டியோடு திரும்பும்போதும் தின்கின்றன. தூரம் கூடக் கூட விற்க மிஞ்சுவது குறைகிறது. ஒரு தூரத்துக்கு அப்பால் வண்டி நிறைய ஏற்றிப் புறப்பட்டாலும் சந்தையில் விற்க எதுவும் இருக்காது. அதற்கு வெளியே தானியம் விளைப்பதில் பொருளில்லை. தானாகவே நடந்துபோகும் ஆடுமாட்டை வேண்டுமானால் வளர்க்கலாம்.

சூத்திரமாகச் சொன்னால்: ஓர் ஏக்கரில் மிஞ்சுவது = விளைச்சல் × (சந்தை விலை − உற்பத்திச் செலவு) − விளைச்சல் × கிலோமீட்டருக்கான வண்டிக்கூலி × தூரம். இதை ஒரு கற்பனைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். காய்கறி போட்டால் சந்தைக்குப் பக்கத்தில் ஏக்கருக்கு 1,00,000 ரூபாய் மிஞ்சுகிறது, ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5,000 ரூபாய் குறைகிறது. தானியம் போட்டால் 40,000தான் மிஞ்சுகிறது, கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்தான் குறைகிறது. காய்கறி 20 கிலோமீட்டர்வரை லாபம் தரும். இருந்தாலும் காய்கறி வளையம் 15 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். ஏனென்றால் அந்த இடத்தில் இரண்டுமே 25,000 தருகின்றன. அதற்கப்பால் தானியம் முந்திவிடுகிறது. பதினேழாவது கிலோமீட்டரில் காய்கறி நட்டமில்லை, ஆனாலும் யாரும் போடமாட்டார்கள். "லாபம் தீரும் இடத்தில் வளையம் முடிகிறது" என்று எழுதும் விடைத்தாள்கள் நிறைய. அது தவறு. வேறு பயிர் அதிகம் தரத் தொடங்கும் இடத்தில்தான் வளையம் முடிகிறது.

அவர் படத்தில் நகரத்துக்கு அருகே, இரண்டாவது வளையத்திலேயே, காடு ஏன் என்ற கேள்விக்கும் இதே பதில்தான். விறகு கனம், விலை குறைவு, அன்றைக்கு நகரத்தின் அடுப்பும் கணப்பும் அதில்தான் எரிந்தன. தூரத்திலிருந்து கொண்டுவரக் கட்டுப்படியாகாது.

சரி, இதை மலையகத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே சந்தை நகரம் எது? கண்டியும் இல்லை, கொழும்பும் இல்லை. லண்டன். இப்படி வைத்ததும் வளையம் உலக அளவுக்கு விரிகிறது. லண்டனுக்குப் பால் பக்கத்திலிருந்து வந்தது, கோதுமை வட அமெரிக்காவிலிருந்து வந்தது, கம்பளி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, காப்பியும் தேயிலையும் இலங்கை மலையிலிருந்து வந்தன. உலர்த்திய காப்பிக்கொட்டை மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தாலும் கெடாது, எடைக்கு நல்ல விலை. அவ்வளவு தூரத்தைத் தாங்கக்கூடிய பொருள்.

ஆனால் கப்பலேறும் முன் மலையிறங்க வேண்டும். 1830களிலும் 40களிலும் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது கண்டியிலிருந்து கொழும்புவரை மாட்டுவண்டிதான். அதே வண்டிகள் திரும்பும்போது தொழிலாளருக்கான அரிசியை ஏற்றிக்கொண்டு மலையேறின. தோட்ட முதலாளிகள் பல ஆண்டுகள் வற்புறுத்தி வாங்கிய ரயில் 1867இல் கண்டியைத் தொட்டது, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. படகுக்கூலி மலிவான ஆற்றோரம் வளையம் நீண்டு இழுபடும் என்று வான் தூனன் சொன்னதை இங்கே தண்டவாளம் செய்தது.

1869இல் காப்பி இலைகளில் துருநோய் கண்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் காப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1880களில் மலை முழுக்கத் தேயிலை பரவியது. பயிர் மாறியதும் நிலத்தின் அமைப்பே மாறியதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

கொழுந்து பறித்த நிமிடத்திலிருந்தே வாடத் தொடங்குகிறது. கூடையில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போய், வாட்டும் தட்டில் பரப்பியாக வேண்டும். நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் தேறும். எடையில் ஐந்தில் நான்கு பங்கு மலையிலேயே ஆவியாகிவிடுகிறது. அதனால் தொழிற்சாலை தோட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். தூளாகிப் பெட்டியில் அடைத்த பிறகு அது உலகம் சுற்றும். ஆக, ஒரே செடியைச் சுற்றி இரண்டு வளையங்கள் இருக்கின்றன: தொழிற்சாலையைச் சுற்றி மணிக்கணக்கில் அளக்க வேண்டிய சின்ன வளையம் ஒன்று, லண்டனைச் சுற்றி வாரக்கணக்கில் அளக்க வேண்டிய பெரிய வளையம் ஒன்று. தூரம் என்பது கிலோமீட்டர் அல்ல, அந்தப் பொருள் தாங்கும் நேரமும் எடையும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிர் எனக்குத் தெரியாது.

இங்கேயே மாதிரி கைவிடும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நுவரெலியாப் பள்ளத்தாக்குகளில் கேரட்டும் லீக்ஸும் விளைந்து லாரியில் கொழும்புக்குப் போகின்றன. காய்கறி நகரத்தை ஒட்டியல்லவா இருக்க வேண்டும்? வான் தூனன் எங்கும் ஒரே மண், ஒரே காலநிலை கொண்ட சமவெளியைக் கற்பனை செய்தார். கொழும்பைச் சுற்றி அந்தக் குளிர் கிடையாது. குளிருக்காக நகரம் வண்டிக்கூலி கொடுக்கிறது. இன்னொரு விதிவிலக்கை ராபர்ட் சின்க்ளேர் 1967இல் எழுதினார். வளரும் நகரத்தை ஒட்டிய நிலத்தில் பயிர் தீவிரமாவதற்குப் பதிலாகக் குறைந்துவிடும், ஏனென்றால் உடையவர் மனை விலைக்குக் காத்திருப்பார் என்றார். சென்னைக்குத் தெற்கே கல் நட்டுத் தரிசாகக் கிடக்கும் வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். சூத்திரத்தில் 'உற்பத்திச் செலவு' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் கொடுக்கப்பட்ட எண்ணாக எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள். லண்டனிலிருந்து இவ்வளவு தூரத்தில் உள்ள மலையில், கப்பல் கூலியும் ரயில் கூலியும் கழித்த பின்னும் மிஞ்ச வேண்டுமானால் அந்த எண் தாழ்ந்திருக்க வேண்டும். அதைத் தாழ்த்தி வைத்தவை இரண்டு: நிலம், ஆள்.

நிலம் எப்படிக் கிடைத்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசின் நிலம் என்று கொண்டது. அப்படி எடுத்த நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. கண்டிக் கிராமத்தார் சில ஆண்டு பயிரிட்டு, பல ஆண்டு ஆறப்போட்ட சேனை நிலங்களும் இதில் போயின. பொருளியலாளர் எஸ்டர் போசரப் 1965இல் எழுதியதை இந்த இடத்தில்தான் படிக்க வேண்டும். ஆட்கள் குறைவாக உள்ள இடத்தில் நீண்டகாலம் ஆறப்போட்டுப் பயிரிடுவது உழைப்பைச் சிக்கனமாகச் செலவிடும் முறை. மக்கள்தொகை நெருங்கும்போது ஆறப்போடும் காலம் குறைந்து உழைப்பு கூடும் என்பது அவருடைய வாதம். அந்தக் கண்ணால் பார்த்தால் ஆறப்போட்ட நிலமும் பயன்பாட்டில் உள்ள நிலம்தான். சட்டம் அதைத் தரிசு என்று எழுதிக்கொண்டது. போசரப்பை, மக்கள்தொகை உணவை மிஞ்சிவிடும் என்ற மால்தஸுக்கு மறுப்பு என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். நிலச் சட்டங்களைப் படிக்கவும் அவர் உதவுவார்.

ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து போனார்கள். திருச்சி, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப்போனார். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைவரை நடை. காலராவிலும் பசியிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். காப்பிக்காலத்தில் இது பருவ வேலை. அறுவடை மாதங்களில் போய், பறித்துக் கொடுத்துவிட்டு, ஊரில் வயல் வேலைக்குத் திரும்பியவர்கள் அதிகம். போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

தேயிலை இதை மாற்றியது. ஒரு செடியை ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும், ஆண்டு முழுதும். விட்டால் கொழுந்து முற்றிவிடும். ஊருக்குப் போய் வரும் ஆள் இதற்கு உதவாது. குடும்பத்தோடு தங்கும் ஆள் வேண்டும், பறிக்கப் பெண்கள் வேண்டும். லயன் வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. விடியும்முன் பிரட்டுக்களத்தில் (ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) நின்றால்தான் 'பேர்', அதாவது ஒரு நாள் கூலிக்கணக்கு, விழும். நிறுவையில் எடை குறைந்தால் அரைப்பேர். கங்காணியிடம் பட்ட கடன் தீராதவர் தோட்டம் மாறவே முடியாதபடி 'துண்டு' என்ற கடன்சீட்டு கட்டிப்போட்டது. 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. மலையகத் தமிழர் என்ற ஒரு மக்கள் கூட்டம் அங்கே வேரூன்றியதற்குப் பின்னால் இந்தப் பறிப்புச் சுற்றும் இருக்கிறது. நிலப் பயன்பாடு குடியிருப்பை எப்படி வடிவமைக்கிறது என்று கேள்வி வந்தால் இதை எழுதுங்கள்.

கூலி ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்க முடிந்தது? பொருளியலாளர் ஆர்தர் லூயிஸிடம் பதில் இருக்கிறது. கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த அவர், பிழைப்பு வேளாண்மையில் தேங்கி நிற்கும் உழைப்பை வைத்து ஒரு நவீனத் துறை எப்படி வளர்கிறது என்று 1954இல் ஒரு கட்டுரை எழுதினார். 1979இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கணக்கில், தோட்டத்தில் தர வேண்டிய கூலியைத் தேயிலையின் விலை நிர்ணயிப்பதில்லை. தொழிலாளி விட்டுவந்த கிராமத்தின் வருமானம் நிர்ணயிக்கிறது. சென்னை மாகாணத்தில் 1876–78 பஞ்சம் நடந்தபோது அந்த வருமானம் என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சையின் நெல்வயலும் மத்திய இலங்கையின் மலையும் ஒரே கணக்கில் சேர்வது இங்கேதான்.

அடுத்து அமெரிக்கப் பொருளியலாளர் ரோஸ்டோ. 1960இல் அவர் வளர்ச்சியை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்: மரபுச் சமூகம், புறப்பாட்டுக்கான ஆயத்தம், புறப்பாடு, முதிர்ச்சியை நோக்கிய ஓட்டம், பெருந்திரள் நுகர்வு. முதலீடு நாட்டு வருமானத்தில் 5 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற வேண்டும், ஒரு முன்னோடித் துறை மற்றவற்றை இழுக்க வேண்டும். முன்னோடித் துறைகளில் ரயிலை மிகவும் ஆற்றல் வாய்ந்தது என்றார். பிரிட்டனின் புறப்பாடு 1783–1802, ஜப்பானுடையது 1878–1900, இந்தியாவுடையது 1952இல் தொடங்கியது என்று பட்டியலும் போட்டார். நூலின் துணைத்தலைப்பே அது 'கம்யூனிஸ்ட் அல்லாத ஓர் அறிக்கை' என்று சொல்கிறது. பின்னாளில் அவர் அமெரிக்க அதிபர் ஜான்சனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரானார். மாதிரியின் அரசியலைப் பற்றி எழுத இந்த இரண்டு தகவல்கள் போதும்.

இலங்கைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கண்டிக்கு ரயில் வந்தது 1867. ஜப்பானில் முதல் ரயில் ஓடியதே 1872இல்தான். ஏற்றுமதி பெருகியது, துறைமுகம் வளர்ந்தது, வங்கிகள் வந்தன. ரோஸ்டோ கேட்ட ஆயத்தங்களில் பல இருந்தன. புறப்பாடு நடக்கவில்லை.

ஏன் என்பதைப் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குள் போனால் இயந்திரங்களின் வார்ப்பிலேயே படிக்கலாம். உலர்த்தும் இயந்திரம் 'சிராக்கோ', பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டேவிட்சன் தயாரித்தது. உருட்டும் இயந்திரம் ஜாக்சன் வடிவமைத்து, இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவில் மார்ஷல் நிறுவனம் வார்த்தது. கப்பலும் காப்பீடும் பிரிட்டனுடையவை. கலவை செய்வதும் பொட்டலம் போடுவதும் பிரிட்டனில். 1890இல் தோட்டங்களை வாங்கிய லிப்டன் காசு பார்த்தது தன் கடைகளில் தன் பெயரிட்ட பொட்டலத்தை விற்றுத்தான். தொழிலாளி தின்ற அரிசிகூட இறக்குமதி. கொழும்பிலும் கண்டியிலும் சில பொறியியல் பட்டறைகள் வளர்ந்தன என்பது உண்மை, ஆனால் அவை பெரும்பாலும் பொருத்தவும் பழுது பார்க்கவும் இருந்தவை. ஏழை நாட்டுக்குள் இருக்கும் இத்தகைய ஏற்றுமதித் துறை உண்மையில் முதலீடு செய்த நாட்டுப் பொருளாதாரத்தின் பகுதியே என்று பொருளியலாளர் ஹான்ஸ் சிங்கர் 1950இல் வாதிட்டார். அதே காலத்தில் இன்னொரு பொருளியலாளர் ராவுல் பிரெபிஷ், மூலப்பொருள்களின் விலை தொழிற்பொருள்களின் விலையோடு ஒப்பிடும்போது நாளடைவில் இறங்குகிறது என்றார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் வாலர்ஸ்டைன் 1974இல் வந்து இதை முழு உலகத்துக்குமான கணக்காக்கினார். ரோஸ்டோவுக்கு ஒவ்வொரு நாடும் தனித்தனியாக ஏறும் படிக்கட்டு இருந்தது. வாலர்ஸ்டைனுக்கு ஒரே ஓர் உலக அமைப்புதான். அதில் மையம், அரைவிளிம்பு, விளிம்பு என்ற இடங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. வான் தூனனின் வளையத்தோடு இதை வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்ட உறவு பிடிபடும். இருவரும் மையத்திலிருந்து வெளியே போகிறார்கள். வான் தூனனிடம் வளையங்களைப் பிரிப்பது வண்டிக்கூலி. வாலர்ஸ்டைனிடம் பிரிப்பது அதிகாரமும் உழைப்பை ஆளும் விதமும்: மையத்தில் கூலி உழைப்பு, விளிம்பில் கட்டாயமும் கடனும் கலந்த உழைப்பு. லண்டனிலிருந்து மலையகத்துக்கு உள்ள தூரத்தை முதலாமவர் சொல்வார். அந்த மலையில் துண்டுச்சீட்டு ஏன் இருந்தது என்பதற்கு இரண்டாமவரிடம் போக வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய கதையையும் வாலர்ஸ்டைன் ஓரளவுதான் விளக்குவார். 1948இல் இலங்கையின் ஏற்றுமதியில் ஏறக்குறைய 90 விழுக்காடு தேயிலை, ரப்பர், தென்னைப் பொருள்கள். தின்னும் அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து. 1952இல் சீனாவோடு ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் அதே நாடு இலவசக் கல்வியிலும் மருத்துவத்திலும் செலவிட்டு, தன் வருமானத்துக்கு மீறிய ஆயுளும் எழுத்தறிவும் பெற்றது. விளிம்பில் இருந்தாலும் அரசு ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதற்கு இது சான்று. அந்தத் தேர்வில் மலையகம் வெளியே நிறுத்தப்பட்டது. 1948 குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பத்தாண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். நாட்டின் சராசரியை மட்டும் பார்க்கும் எந்த மாதிரியும், எந்தக் குறியீடும், ஒரு நாட்டுக்குள்ளேயே இப்படி ஒரு விளிம்பு இருப்பதைக் காட்டாது.

வான் தூனனைக் கூலியைக் கவனிக்காதவர் என்று எழுதிவிடாதீர்கள். கடைசி இருபது ஆண்டுகளில் அவரை அதிகம் அரித்தது அந்தக் கேள்விதான். 1850இல் வந்த இரண்டாம் பகுதியில், தொழிலாளியின் பிழைப்புத் தேவையை அவர் உழைப்பின் விளைவால் பெருக்கி, அதன் வர்க்கமூலம் எதுவோ அதுவே இயல்பான கூலி என்றார். அந்தச் சூத்திரத்தைப் பொருளியலாளர்கள் பின்னாளில் ஏற்கவில்லை. ஆனால் டெல்லோ பண்ணையில் 1840களின் கடைசியில் தன் ஆட்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்துக் காட்டினார். பெலிட்ஸ் கிராமத்தில் அவர் கல்லறையில் செதுக்கியிருப்பது வளையம் அல்ல, அந்தக் கூலிச் சூத்திரம். பாடநூல்கள் இதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இந்திய எடுத்துக்காட்டுதான் வேண்டும் என்றால் இதே கதையின் மறுபக்கம் நீலகிரியில் இருக்கிறது. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தர 1968இல் தமிழக அரசு காட்டை வெட்டித் தேயிலை நட்டது. டான்டீ என்று நாம் சொல்லும் தேயிலைத் தோட்டக் கழகம் அதுதான். நட்டம் தொடர்ந்ததால் 2022இல் அதன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானது. பயிரின் வெளி எல்லை பின்வாங்கினால் நிலம் மறுபடி காடாகும் என்று வான் தூனன் சொல்வார். லயனில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களுக்கு அந்த எல்லை பின்வாங்கும்போது என்ன உரிமை என்பதை எந்த மாதிரியை வைத்துக் கேட்கலாம் என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் வரைபடத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதினால் இன்னும் நல்லது.